பழைய கார் சங்கம், செங்கோட்டை: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், கோட்டைவாசல் தாண்டி கேரளத்தின் ஆரியங்காவு, தென்மலை, புனலூரிலிருந்து வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும், உள்ளூர் அன்பர்களுக்கும் வணக்கம்.

செயற்குழு தவறாமல் கூடியது. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். பொங்கல் அணிவகுப்பு புளியரை வரை நல்லபடியாக நடந்தது. இந்த ஆண்டு நம் உழைப்பையும் பணத்தையும் அதிகம் வாங்கிக்கொண்டது துருப்பிடித்த அடித்தகடு மாற்றும் வேலை. அதைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல வேண்டும்.

அம்பாசிடருக்கும் பழைய பியட்டுக்கும் தனிச் சேஸிஸ், அதாவது பாடியிலிருந்து பிரிந்த அடிச்சட்டம், கிடையாது. கதவுக்குக் கீழே ஓடும் பெட்டித் தகடு, காலடியில் இருக்கும் பிளாட்பாரத் தகடு, பின்பக்கப் பட்டை ஸ்பிரிங் மாட்டும் இடம் எல்லாம் சேர்ந்துதான் பாரம் தாங்குகின்றன. சாரல் மாதங்களில் அந்தப் பெட்டிக்குள் ஈரம் காய்வதே இல்லை. தண்ணீர் வடியும் ஓட்டையைச் சேறு அடைத்துவிட்டால் தகடு உள்ளிருந்து அரிக்கும். வெளியே பெயிண்ட் பளபளவென்றே இருக்கும். மலைக்கு அந்தப் பக்கம் ஓடிய வண்டிகளில் இது இன்னும் மோசம்.

உறுப்பினர் ஒருவர் வாங்கிய அம்பாசிடரை ஜாக்கி வைத்துத் தூக்கியபோது, வண்டி எழும்பவில்லை. ஜாக்கிதான் தகட்டுக்குள் ஏறியது. சுரண்டிப் பார்த்தால் ஓட்டையை மறைக்கக் கனமாகப் பூசிய பட்டிப் பசை, அதற்குள் கம்பிவலை. நல்ல இரும்பு விரல் அகலம்கூட மிச்சமில்லை. குடும்பத்தை ஏற்றிச் செல்லும் வண்டியில் இப்படிச் செய்வது பாவம் என்றே நான் நினைக்கிறேன். அந்த வண்டியையே பயிற்சிக்கு எடுத்துக்கொண்டோம்.

பேட்டரியையும் பெட்ரோல் டேங்கையும் முதலில் கழற்றினோம். வெட்டுவதற்கு முன் கதவு வாசலுக்குள் சதுரக் குழாயைக் குறுக்கே வைத்து டாக் அடித்தோம், அதாவது சிறு புள்ளிகளாகத் தற்காலிகமாகப் பற்றவைத்தோம். இதைச் செய்யாமல் பெட்டியை வெட்டினால் வண்டி நடுவில் தொய்ந்துவிடும், பிறகு கதவு சாத்தாது. ஒரு பக்கத்தை முடித்த பிறகே மறுபக்கத்தைத் தொட்டோம். துரு தெரிகிற இடத்தோடு நிறுத்தாமல் நல்ல தகடு வரும்வரை வெட்டினோம். பெட்டிக்கு 18 கேஜ், அதாவது ஏறக்குறைய 1.2 மி.மீ. கனமுள்ள, துத்தநாகப் பூச்சில்லாத சி.ஆர். தகட்டை எடுத்தோம். துத்தநாகம் பூசிய ஜி.ஐ. தகடு வேண்டாம் என்று மூத்த டிங்கர் கண்டிப்பாகச் சொன்னார். வெல்டிங் சூட்டில் கிளம்பும் துத்தநாகப் புகை காய்ச்சலில் படுக்க வைத்துவிடும். தொழிற்சாலையில் புள்ளி புள்ளியாகப் பற்றவைத்த பழைய ஸ்பாட் வெல்டிங் இருந்த இடங்களில் புதுத் தகட்டில் ஓட்டை போட்டு, அதன் வழியே மிக் வெல்டிங்கால், அதாவது கம்பி தானாக வந்து உருகும் மின் வெல்டிங்கால், நிரப்பினோம். நீளமான இணைப்புகளை ஒரே இழுப்பில் ஓட்டாமல் ஓர் அங்குலம் இங்கே, ஓர் அங்குலம் தள்ளி அங்கே என்று பற்றவைத்ததால் தகடு முறுக்கிக்கொள்ளவில்லை. கதவு இடைவெளியை ஒவ்வொரு கட்டத்திலும் அளந்தோம். கடைசியில் பெட்டிக்குள் மெழுகு பீய்ச்சி, வடிகால் ஓட்டைகள் திறந்திருக்கின்றனவா என்று கம்பி விட்டுப் பார்த்தோம்.

50 ஆண்டு கடந்த வண்டிகளை விண்டேஜ் பதிவுக்குக் கொண்டுபோக நினைப்போர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2021 மோட்டார் வாகன விதிகளின்படி சேஸிஸ், பாடி, இன்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. எனவே புதுத் தகடு பழைய வடிவத்தையே பின்பற்றட்டும். வெட்டுமுன்னும் வெட்டிய பின்னும் படம் எடுத்து வையுங்கள். சேஸிஸ் எண் பொறித்த பகுதியில் யாரும் கை வைக்க வேண்டாம்.

கேஸ் வெல்டிங் காலத்துக் கைப்பழக்கத்தை ஒளிக்காமல் கற்றுக்கொடுத்த இரு மாநில டிங்கர் மாஸ்டர்களுக்கும் சங்கம் கடமைப்பட்டிருக்கிறது. அவர்களுக்கு வயதாகிறது, உதவியாளாக நிற்க இளைஞர்கள் உடனே வர வேண்டும். அடுத்த ஆண்டு ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரை எடுக்கிறோம். அதற்குத் தனிச் சேஸிஸ் உண்டு என்பதால் வேலை முறையும் வேறு. சங்கத்துக்கென ஒரு மிக் வெல்டிங் மெஷின் வாங்கும் தீர்மானத்தையும் சேர்த்து, இந்த அறிக்கையைப் பொதுக்குழு ஏற்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்