உப்புப் பூத்த கற்கள்

ஆத்தங்குடி,
ஞாயிறு இரவு

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது.

அந்த வேலையின் பொறுப்பிலிருந்து உன்னை விலக்கிவிட்டார்கள் என்று மட்டும் நேற்றுப் போனில் சொல்லிவிட்டு, உடனே எங்கள் உடம்பைப் பற்றிக் கேட்கத் தொடங்கிவிட்டாய். உன் அம்மா விடியும்வரை உறங்கவில்லை. நேரில் பேசினால் நீ பேச்சை மாற்றிவிடுவாய் என்பதால் எழுதுகிறேன்.

இதைக் கேள்விப்படுகிறவர்கள் பர்மாவைச் சொல்லித்தான் உன்னைத் தேற்றுவார்கள். அங்கே வட்டிக்குக் கடன் கொடுத்துவந்த நம் செட்டியார்களுக்கு 1930-இல் நெல் விலை விழுந்து கடன் வசூலாகாமல் போனதும், 1942-இல் ஜப்பானியப் படை நுழைந்தபோது சேர்த்ததையெல்லாம் விட்டுவிட்டுப் பலர் கால்நடையாகவே திரும்பியதும் செட்டிநாட்டில் இன்றும் பேசப்படுகின்றன. அது பெருந்துயரம்தான், ஆனால் உலகச் சந்தையும் போரும் அவர்கள் கையில் இருக்கவில்லை. உன் விஷயத்தில் உன் கையில் இருந்ததும் கொஞ்சம் உண்டு என்று நீயே நினைக்கிறாய். ஆகவே அந்த ஆறுதல் உன் மனத்தில் ஒட்டாது.

நீ ஆறாம் வகுப்புப் படித்தபோது காரைக்குடியில் ஒரு வீட்டுக்கு நம் ஆத்தங்குடித் தரைக்கல் இரண்டாயிரம் செய்து கொடுத்தேன். பதித்து ஒரு மாதத்துக்குள் சிவப்பும் பச்சையும் தெரியாதபடி வெள்ளையாக உப்புப் பூத்துவிட்டது. அவர்கள் கற்களைப் பெயர்த்துப் போட்டார்கள். மீதிப் பணமும் வரவில்லை. பதினொரு நாள் நான் கல் வார்க்கிற கண்ணாடித் தட்டைத் தொடவில்லை. மணலைக் குறை சொன்னேன், சிமெண்டைக் குறை சொன்னேன், இரவில் என்னையே முழுவதுமாகக் குறை சொன்னேன். கடைசியில் உன் பழைய நோட்டு ஒன்றை எடுத்து, எந்த நடை மணல், எந்தத் தண்ணீர், தொட்டியில் எத்தனை நாள் ஊறியது, எப்போது வெயிலில் வைத்தோம் என்று நாள்வாரியாக எழுதினேன். மணலும் சிமெண்டும் வழக்கமானவைதான். அவசரத்தில் கற்களை முன்னதாகவே தொட்டியிலிருந்து எடுத்திருக்கிறேன். புதிதாகப் போட்ட ஆழ்குழாயின் நீரையும் பயன்படுத்தியிருக்கிறேன். அதை நாக்கில் வைத்துப் பார்த்திருந்தாலே உப்பு தெரிந்திருக்கும். இரண்டு பக்கம் எழுதியதில் என் தவறு இரண்டே வரிதான், அம்மா. அதைப் பார்த்த அன்றுதான் எனக்குச் சோறு இறங்கியது.

பிறகு யாரும் கேட்காமலே ஐம்பது கல் செய்து கொல்லையில் பதித்து, ஒரு மழைக்காலம் முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்து வந்த வேலை ஒரு பூசையறை அளவுதான். கௌரவம் பார்க்காமல் வாங்கிக்கொண்டேன்.

உன் வேலையின் நுட்பம் எனக்குத் தெரியாது. ஆனாலும் நடந்ததை நாள்வாரியாக எழுது. பிறர் முடிவு செய்தவற்றையும், உனக்குச் சொல்லாமல் மறைத்தவற்றையும் சேர்த்தே எழுது, ஏனென்றால் நீ அவற்றையும் உன் கணக்கில் ஏற்றிக்கொள்கிற சுபாவம் உள்ளவள். எழுதி முடித்த பிறகு உன் மேலாளரைத் தனியே சந்தித்து, எந்த இடத்தில் வேறு விதமாகச் செய்திருக்க வேண்டும் என்று கேள். அதுவரை ராஜினாமாக் கடிதம் எழுதாதே. இப்போது கொடுத்திருக்கிற சிறிய வேலையை ஏற்றுக்கொள்.

வெள்ளிக்கிழமை விடுப்புக் கிடைத்தால் பல்லவன் ரயிலில் ஏறிவிடு. காரைக்குடி ஸ்டேஷனில் நிற்கிறேன். எழுதிய தாளையும் கொண்டு வா. என் நோட்டை உன் அம்மா இரும்புப் பெட்டியில் வைத்திருக்கிறாள், இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படிப்போம்.

அன்புடன்,
அப்பா