பாலைப் பாம்பின் பக்கவாட்டு நடைக்குச் சூடு காரணமல்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயிற்றுக்கிழமை சிறுவர் பக்கத்தில் பாலைவனப் பாம்புகள் பற்றி வந்த கட்டுரையைப் பேத்திக்கு வாசித்துக் காட்டினேன். 'மணல் சுடுவதால்தான் அவை பக்கவாட்டில் நகர்கின்றன' என்று எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து இதைத் திருத்துங்கள்.

அபுதாபிக்குத் தென்மேற்கே, லிவா மணல்மேடுகளில் நில அளவை வேலை பார்த்தவன் நான். அங்கே கொம்பு விரியன் பகலில் மணலுக்குள் உடம்பைப் புதைத்து, கண்ணும் கொம்பும் மட்டும் தெரியக் கிடக்கும். அதன் நடமாட்டம் பெரும்பாலும் இருட்டிய பிறகுதான். வெறுங்காலில் நடக்கலாம், மணல் அவ்வளவு ஆறியிருக்கும். அப்போதும் அது பக்கவாட்டில்தான் போகும்.

பாம்புக்கு அங்கே பிடிமானம்தான் பிரச்சினை. நம் வரப்பில் ஓடும் சாரை, கல், வேர், புல் என்று எதையாவது உடம்பின் வளைவால் உந்தித்தான் முன்னேறுகிறது. பொலபொலவென்ற மணலில் உந்தினால் மணல்தான் நகரும். டார்ச் வெளிச்சத்தில் நான் கவனித்தது இது: விரியன் தலையைத் தூக்கிச் சற்றுத் தள்ளி வைக்கும். கழுத்து படிந்த கோட்டிலேயே மீதி உடம்பும் பகுதி பகுதியாக வந்து படியும். வால் அந்தக் கோட்டை விட்டு எழும் முன்பே தலை அடுத்த கோட்டைத் தொடங்கிவிடும். புல்டோசரின் செயின் பட்டை மாதிரி, தரையில் பட்ட பகுதி இழுபடாமல் அப்படியே இருந்து பிறகு எழுகிறது. அதனால் மணல் சரிவதில்லை.

மேட்டில் ஏறும்போது என்ன செய்கிறது என்பதை அமெரிக்காவில் அட்லாண்டா உயிரியல் பூங்காவில் ஆராய்ந்து 2014இல் வெளியிட்டார்கள். அரிசோனாவின் யூமாவிலிருந்து மணல் கொண்டுவந்து, அங்கத்திய பக்கநடைப் பாம்புகள் ஆறை அதில் விட்டார்கள். சரிவு கூடக் கூட, பாம்பு உடம்பின் அதிக நீளத்தை மணலில் படிய வைத்தது. அதே உத்தியைப் புகுத்திய பிறகு ஒரு ரோபோ பாம்பும் மணல் சரிவில் ஏறியது! இப்படிப்பட்ட சேதியைத்தானே பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்?

அப்புறம், கழிமுகச் சேற்றில் வாழும் ஒருவகை நீர்ப்பாம்பும் இப்படித்தான் நகர்கிறது. ஈரச் சேற்றில் ஏது சூடு?

இன்னொரு கவலையும் உண்டு. தார் பாலையிலும் நம் பக்கத்து வறண்ட காடுகளிலும் இருக்கிற சுருட்டை விரியனுக்கும் இந்த நடை உண்டு. சின்னப் பாம்புதான், ஆனால் கடித்தால் உயிருக்கே ஆபத்து; அதுவும் இரவில் நடமாடுவது. வெயிலையும் இந்த நடையையும் முடிச்சுப்போட்டுச் சொன்னால், பொழுது சாய்ந்தபின் இது வெளியே வராது என்று ஒரு பிள்ளை நினைத்துவிடக் கூடாது.

திருத்தம் போடும்போது படத்தையும் மாற்றுங்கள். நீங்கள் போட்டிருந்தது ஒரே தொடர்ச்சியான நெளிகோடு; அது சாரையின் தடம். விரியனின் தடத்துக்கு, ஒன்றையொன்று தொடாத சாய்வுக் கோடுகளை அடுத்தடுத்து வரையச் சொல்லுங்கள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய பாம்பின் நீளம் இருக்கட்டும்.

— ஓய்வுபெற்ற நில அளவையாளர்,
சாத்தான்குளம்.