சிலையானாலும் ஸ்பின்டில் தெரியட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய இரும்பில் சிலை செய்து சாலைச் சந்திப்புகளில் நிறுத்துவதைப் பாராட்டித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பாராட்ட வேண்டிய வேலைதான். ஆனால் சிலையின் உயரம், எடை, செலவு என்று எல்லாம் எழுதியவர், அந்த இரும்பு எங்கே கிடந்தது, பற்றவைத்தவர் யார் என்பதை மட்டும் எழுதாமல் விட்டுவிட்டார். நான் பஞ்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். ஓர் இரும்புத் துண்டைப் பார்த்தால், இது முன்னே எந்த மெஷினில் இருந்திருக்கும் என்று தேடுகிற புத்தி இன்னும் போகவில்லை. அதனால் எழுதுகிறேன்.

இப்படிக் கழிவுப் பொருளில் செய்த சிலைகளில் நான் பார்த்தவற்றில், சண்டிகரில் உள்ள ராக் கார்டன் என்ற சிலைப் பூங்காவுக்கு ஈடு எதுவும் இல்லை. அதைச் செய்த நேக் சந்த் பொதுப்பணித் துறையில் சாலை ஆய்வாளர். நாட்டுப் பிரிவினையில் சொந்த ஊர் பாகிஸ்தான் பக்கம் போய்விட, இந்தப் பக்கம் வந்து சேர்ந்தவர். கட்டடக் கலைஞர் லெ கொர்புசியே போட்ட வரைபடப்படி சண்டிகர் எழும்பியபோது, அங்கே ஏற்கெனவே இருந்த கிராமங்கள் இடிபட்டன. இடிபாட்டில் கிடந்ததையெல்லாம் அவர் சைக்கிளில் கட்டிக்கொண்டுபோய், கட்டடமே எழக் கூடாது என்று ஒதுக்கப்பட்டிருந்த காட்டுக்குள், சுக்னா ஏரிக்குப் பக்கத்தில் சேர்த்தார். 1957இல் தொடங்கிய வேலை. பகலில் அரசு உத்தியோகம், இரவில் பழைய டயரைக் கொளுத்தி அந்த வெளிச்சத்தில் சிலை. 1970களின் நடுவில் அதிகாரிகள் கண்ணில் பட்டபோது பன்னிரண்டு ஏக்கர் அளவுக்குப் பரவியிருந்தது. சட்டப்படி பார்த்தால் புறம்போக்கு ஆக்கிரமிப்பு! இடித்துத் தள்ளாமல் 1976இல் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டதோடு, அவருக்குச் சம்பளமும் ஐம்பது வேலையாட்களும் கொடுத்தார்கள். 1984இல் பத்மஸ்ரீ. நம் அரசாங்கங்கள் அரிதாகச் செய்யும் நல்ல காரியங்களில் இது ஒன்று.

உள்ளே போனால் வாசல்களெல்லாம் தாழ்வு. எந்தப் பெரிய மனிதராக இருந்தாலும் குனிந்துதான் போக வேண்டும். உடைந்த கண்ணாடி வளையலைச் சேலையாக உடுத்திய பெண்கள், பீங்கான் சில்லில் உடம்பு மின்னும் மனிதர்கள், வரிசை வரிசையாக மின் ஃபியூஸ் பீங்கான்கள் பதித்த சுவர். சைக்கிள் சீட் ஒரு மிருகத்தின் தலையாகியிருக்கும். அதே சைக்கிளின் ஃபோர்க், அதாவது முன்சக்கரத்தைப் பிடிக்கும் கவை, அதற்குக் காலாகியிருக்கும். முதலில் மிருகம் தெரியும், அடுத்த நொடி சைக்கிள் தெரியும். அங்கே வந்திருந்த பிள்ளைகள் ‘இது வளையல், இது தட்டு, இது கக்கூஸ் பீங்கான்’ என்று கத்திக்கொண்டே ஓடினார்கள். இந்தச் சிலைகளில் சந்தோஷமே அந்தக் கத்தலில்தான் இருக்கிறது.

அவ்வளவு தூரம் போக முடியாதவர்கள் மலம்புழாவுக்குப் போகலாம். பாலக்காட்டுக்குப் பக்கம்தானே. அணைப் பூங்காவுக்கு அருகிலுள்ள ராக் கார்டனும் நேக் சந்த் அமைத்ததுதான். கோவையிலிருந்து போகிற கூட்டம் சிற்பி கானாயி குஞ்ஞிராமன் செய்த யக்ஷி சிலையின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு, ரோப் காரில் ஒரு சுற்று சுற்றிவிட்டுத் திரும்பிவிடுகிறது. உடைந்த ஓடும் வளையலும் பதித்த அந்தச் சுவர்களைப் பார்க்காமல் வருவது பெரிய நஷ்டம்.

தில்லியில் சராய் காலே கான் பக்கம் 2019இல் திறந்த பூங்காவையும் பார்த்தேன். தாஜ் மகால், ஐஃபில் கோபுரம், பிரமிடு, பைசா சாய்கோபுரம் என ஏழு அதிசயங்கள், சுமார் 150 டன் பழைய இரும்பில். பற்றவைப்பு வேலை நேர்த்தியானது, குறை சொல்ல மாட்டேன். ஆனால் அங்கே வருகிறவர்கள் ‘அசலாட்டமே இருக்குது’ என்றுதான் மெச்சுகிறார்கள். இரும்பு தன் பழைய முகத்தை மறைத்துக்கொண்டு ஐஃபில் கோபுரமாக நடிக்கிறது. அதற்குப் பழைய இரும்பு எதற்கு? புது இரும்பிலேயே செய்திருக்கலாமே.

பராமரிப்பைப் பற்றியும் ஃபிட்டர் என்ற முறையில் கொஞ்சம் சொல்ல வேண்டும். சண்டிகரில் வெளியே தெரிவது பெரும்பாலும் பீங்கானும் கண்ணாடியும் சிமென்ட்டும். வெயிலிலும் மழையிலும் அவை துருப்பிடிக்காது, நிறமும் அவ்வளவாக மங்காது. இரும்புச் சிலையின் கதை வேறு. சங்கிலி, நட்டு, போல்ட்டு, பல்சக்கரம் எல்லாவற்றையும் சேர்த்துப் பற்றவைத்தால் இடுக்கு இடுக்காக மழைநீர் தங்கும். மேலே எத்தனை பெயின்ட் அடித்தாலும் உள்ளே துரு தின்றுகொண்டே இருக்கும். தண்ணீர் வடிய அடியில் துளை போட வேண்டும், துருவைச் சுரண்டி, துருவைத் தடுக்கும் ரெட் ஆக்ஸைடு பூச்சு அடித்த பிறகே பெயின்ட்டைத் தொட வேண்டும், அதையும் சில வருடங்களுக்கு ஒருமுறை திரும்பச் செய்ய வேண்டும். டயரில் செய்த யானை, ஒட்டகச்சிவிங்கி இன்னும் மோசம். துளை போடாத டயர் சிலை டெங்குக் கொசுவுக்கு மாநகராட்சியே கட்டிக்கொடுத்த வீடு. பல ஊர் ரவுண்டானாக்களில் திறப்பு விழாக் கல்வெட்டில் தலைவர்கள் பெயர் பளிச்சென்று இருக்கிறது, மேலே சிலையின் வால் துருப்பிடித்துத் தொங்குகிறது. சிலைக்கு டெண்டர் விடும்போதே பராமரிப்புக்கும் சேர்த்து விட்டால் என்ன?

சண்டிகரும் இதில் விதிவிலக்கல்ல. 1990இல் சாலை போட புல்டோசர் வந்தபோது ஊர் மக்கள் குறுக்கே நின்று தடுத்தார்கள். 1996இல் நேக் சந்த் வெளிநாடு போயிருந்த நேரம் விஷமிகள் சிலைகளை உடைத்தார்கள். 2015இல் அவர் காலமானார். 2025இல் சாலையை அகலப்படுத்துவதற்காக மதிலின் ஒரு பகுதியை இடித்தே விட்டார்கள்.

எங்கள் கோவையில் குப்பைக்கும் பஞ்சமில்லை, கைவேலைக்காரர்களுக்கும் பஞ்சமில்லை. 1888இல் ஸ்டேன்ஸ் மில் வந்ததிலிருந்து இந்த ஊரை வளர்த்தது பஞ்சாலை. இன்று பூட்டிக் கிடக்கும் மில்களிலிருந்து நூலை முறுக்கும் ஸ்பின்டிலும், நூல் நூற்கும் ரிங் பிரேம் மெஷினும், நூல் சுற்றும் பாபினும் எடைக்குப் போகின்றன. பவுண்டரிகளில் ஒதுக்கிய பம்ப்செட்டில் தண்ணீரைத் தள்ளும் இம்பெல்லர், தேய்ந்த கிரைண்டர் கல் என்று இன்னும் எவ்வளவோ. இவற்றில் ஒரு சிலை செய்யட்டும். மயிலோ, மாடோ, நூல் நூற்கும் பெண்ணோ, எதுவானாலும் சரி. ஸ்பின்டில் ஸ்பின்டிலாகவே தெரிய வேண்டும். பேரனைக் கூட்டிக்கொண்டு வருகிற ஒரு பழைய மில் தொழிலாளி, ‘இதுலதாங்கண்ணு நான் நைட் ஷிப்ட் பார்த்தேன்’ என்று விரல் வைத்துக் காட்ட முடிய வேண்டும். அதற்காகச் சிலையைப் போக்குவரத்து நடுவே ரவுண்டானாவில் நிறுத்தாமல், நடந்துபோய்த் தொட்டுப் பார்க்கிற இடத்தில் வைக்க வேண்டும். கீழே ஒரு பலகையில் வெல்டர் பெயர், இரும்பு வந்த இடம், கடைசியாகப் பெயின்ட் அடித்த வருடம் மூன்றும் இருக்கட்டும்.

மாநகராட்சிக்கும் இதே கருத்தைத் தனியாக எழுதியிருக்கிறேன். அடுத்த முறை இப்படியொரு சிலையைப் பற்றித் தங்கள் இதழ் எழுதினால், செய்தவரின் பெயரையும் அவசியம் கேட்டுப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பஞ்சாலை ஃபிட்டர்,
சிங்காநல்லூர், கோவை.