பழைய வண்டியின் பிரேக்குக்கு ஏழு வருடக் கணக்கு ஏன்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சரக்கு வண்டி வைத்திருக்கும் எல்லோருக்கும் தெரிந்த விதி ஒன்று உண்டு. வண்டிக்கு எட்டு வயது ஆகும் வரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை எஃப்.சி. (வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்று) காட்டினால் போதும். எட்டு தாண்டிவிட்டால் வருடா வருடம் காட்ட வேண்டும். வண்டி பழசாக ஆக அதைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும் என்று அரசே சொல்கிறது. நியாயமான விதி, அதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் அதே அரசின் இன்னொரு விதி, தயாரிப்பிலேயே குறை இருந்தால் நிறுவனம் வண்டியைத் திரும்ப அழைத்துச் சரிசெய்து தர வேண்டிய கடமையை ஏழு வருடத்தோடு முடித்துவிடுகிறது. அதாவது, வண்டி ஆபத்தான வயதுக்கு வரும்போது எங்களைப் பிடிக்கிறார்கள், தயாரித்தவரை விட்டுவிடுகிறார்கள். இதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

நாங்கள் தாளவாடிப் பக்கம் முட்டைக்கோஸ், தக்காளி, உருளைக்கிழங்கு போடும் குடும்பம். விளைந்ததை ஆசனூர், திம்பம் வழியாக சத்தியமங்கலத்துக்கும் மேட்டுப்பாளையத்துக்கும் எங்கள் சொந்த பிக்கப் வண்டியிலேயே கொண்டுபோகிறோம். 2014 மாடல் வண்டி. பொள்ளாச்சியில் ஒரு தேங்காய் வியாபாரி வைத்திருந்ததை 2017இல் புரோக்கர் மூலம் வாங்கினோம். திம்பம் மலைப்பாதையில் 27 கொண்டை ஊசி வளைவுகள். லோடு ஏற்றி இறங்கும் வண்டிக்கு அந்தப் பாதையில் பிரேக்தான் உயிர். லைனிங் சமவெளியில் ஓடுவதைப் போல இங்கே நிற்காது, சீக்கிரம் தேய்ந்துவிடும். பிரேக் ஆயிலும் அப்படித்தான். காற்றிலிருக்கும் ஈரத்தை அது இழுத்துக்கொண்டே இருக்கும். டாட் 4 ஆயில் புதிதாக இருக்கும்போது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறிவிட்டால் 155 டிகிரியிலேயே கொதித்துவிடலாம், அப்போது பெடல் அடிவரை இறங்கிவிடும். இதெல்லாம் எங்கள் ஊர் டிரைவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. லைனிங், டிரம், வீல் சிலிண்டர், ஆயில் எல்லாம் நாங்கள் எங்கள் கைக்காசில் மாற்றிக்கொண்டுதான் வருகிறோம்.

போன ஐப்பசியில் நடந்தது வேறு. காலையில் முட்டைக்கோஸ் லோடுடன் இறங்கிக்கொண்டிருந்தோம். என் கொழுந்தனார் ஓட்டினார், நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பாதி மலை இறங்கியதும் பிரேக் பெடல் கல் மாதிரி இறுகிவிட்டது. அடிவரை இறங்கியிருந்தால் ஆயில் என்று நினைத்திருப்போம். இது இறங்கவே மறுத்தது. இரண்டு காலையும் வைத்து அழுத்தினார். வண்டி வேகம் குறைந்ததே தவிர நிற்கவில்லை. இரண்டாவது கியருக்கு வந்து, அப்புறம் முதல் கியர் போட்டு, ஹேண்ட் பிரேக்கையும் இழுத்து, மலை ஓரத்துச் சாக்கடையில் சக்கரத்தை இறக்கி நிறுத்தினார். எதிரே அரசுப் பேருந்து ஏறி வந்துகொண்டிருந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அவர் பதறாமல் கியரைப் பிடித்ததுதான் காரணம்.

சத்தியில் எங்கள் மெக்கானிக் கழற்றிப் பார்த்தார். "பூஸ்டர் பின்னாடி தகடு துருப்பிடிச்சு ஓட்டை ஆயிருச்சுங்கக்கா, வேக்யூம் நிக்கவே மாட்டேங்குது" என்றார். பூஸ்டர் என்பது பெடலுக்கும், பிரேக் ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டருக்கும் நடுவில் இருக்கும் வட்டமான கறுப்பு டப்பா. உள்ளே ஒரு ரப்பர் திரை இருக்கும். டீசல் வண்டியில் வேக்யூம், அதாவது வெற்றிடம், உண்டாக்கும் பம்ப் அந்தத் திரையின் இரண்டு பக்கத்துக் காற்றையும் உறிஞ்சி வைத்திருக்கும். நாம் பிரேக்கை மிதித்ததும் ஒரு பக்கத்தில் மட்டும் வெளிக்காற்று நுழைந்து திரையைத் தள்ளும். நம் காலின் பலத்தைப் பல மடங்கு ஆக்கிக் கொடுப்பது அந்தத் தள்ளல்தான். டப்பாவில் ஓட்டை விழுந்தால் அந்தத் துணை போய்விடும், வெறும் கால் பலம்தான் மிஞ்சும். இறக்கத்தில் டீசல் மிச்சமாகும் என்று எஞ்சினை அணைத்து நியூட்ரலில் விடுகிறவர்களுக்கும் நேர்வது இதேதான். எஞ்சின் நின்றபின் உள்ளே மிஞ்சிய வேக்யூம் இரண்டு மூன்று மிதிக்குத்தான் வரும். மலைப்பாதையில் தயவுசெய்து யாரும் அதைச் செய்ய வேண்டாம்.

எஃப்.சி. காட்டி அப்போது சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. சமதரையில் பிரேக் போட்டுப் பார்த்தபோது பிடித்தது. டப்பாவின் பின்பக்கம் ஒட்டிக்கொண்டிருக்கும் இடத்தில் அரிக்கும் துரு அதில் தெரியாது. அதற்காக நான் யாரையும் குறை சொல்லவில்லை.

அந்த மெக்கானிக் இன்னொரு காரியமும் செய்தார். எங்கள் வண்டியின் சேசிஸ் நம்பரை, நிறுவனத்தின் சர்வீஸ் சென்டரில் வேலை செய்யும் தெரிந்தவரிடம் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். கணினியில் வந்த தகவலைக் கேட்டு எனக்குக் கை நடுங்கியது. எங்கள் வண்டி தயாரான வரிசையில் பூஸ்டரை இலவசமாகப் பரிசோதித்து, தேவைப்பட்டால் மாற்றித் தர வேண்டும் என்று 2018இலேயே நிறுவனம் முடிவெடுத்திருக்கிறது. எங்கள் நம்பருக்கு நேரே "செய்யப்படவில்லை" என்று இருந்தது. பழைய காகிதங்களில் பொள்ளாச்சிக்காரரின் எண்ணைத் தேடிப் பிடித்துப் பேசினேன். "ஒரு லெட்டர் வந்துச்சுங்கம்மா, வண்டிதான் கைமாறிப்போச்சே, நமக்கெதுக்குன்னு வெச்சுட்டேன்" என்றார். அவர் மேல் தப்பில்லை. ஆர்.சி. எங்கள் பெயருக்கு மாறி அப்போதே ஒரு வருடம் ஆகியிருந்தது. நிறுவனம் மட்டும் முதன்முதலில் விற்ற முகவரியையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது.

நேரில் போய்க் கேட்டோம். வண்டிக்கு ஏழு வருடம் தாண்டிவிட்டது, அந்தத் திட்டம் முடிந்துவிட்டது, வேண்டுமானால் பணம் கட்டி மாற்றிக்கொள்ளலாம் என்றார்கள். பூஸ்டர், மாஸ்டர் சிலிண்டர், கூலி எல்லாம் சேர்த்து 14,000 ரூபாய்க்கு மேல் ஆனது. எங்களால் முடிந்தது, கட்டினோம். முடியாதவர்கள் கோவை உக்கடத்துப் பழைய இரும்புக் கடைகளில் யாரோ கழற்றிப் போட்ட பூஸ்டரை வாங்கி மாட்டுவார்கள், அல்லது இறுகிய பெடலோடு அடுத்த லோடு வரை பார்க்கலாம் என்று ஓட்டுவார்கள்.

ஏழு வருடம் என்று சட்டத்தில் எங்கே எழுதியிருக்கிறது என்று தேடினேன். என் தம்பி மகன் கோவையில் உதிரிபாக ஆலை ஒன்றில் இருக்கிறான், அவன் உதவினான். 2012இல் வாகன உற்பத்தியாளர் சங்கம் தாமாக வகுத்துக்கொண்ட ரீகால் (வண்டியைத் திரும்ப அழைக்கும்) நடைமுறையிலேயே ஏழு வருடம் என்ற கணக்கு இருந்திருக்கிறது. அப்போது அது அவர்களே விரும்பிச் செய்வது, கட்டாயம் இல்லை. 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியபோதுதான் 110ஏ என்ற பிரிவு வந்தது. ஓட்டுபவருக்கோ, உள்ளே இருப்பவருக்கோ, சாலையில் போகும் மற்றவருக்கோ ஆபத்து தரும் குறை இருந்தால் வண்டிகளைத் திரும்ப அழைக்கும்படி மத்திய அரசு உத்தரவிடலாம் என்கிறது அந்தப் பிரிவு. வண்டியின் வயதைப் பற்றி அதில் பேச்சே இல்லை. 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த 127சி விதியில்தான் ஏழு வருடம் மறுபடி வந்து உட்கார்ந்துகொண்டது. கட்டாய ரீகாலுக்கு 10 லட்சம் முதல் ஒரு கோடி ரூபாய் வரை அபராதம் என்று வைத்த நல்ல விதிகளோடு சேர்ந்தே இதுவும் வந்திருக்கிறது. விதியில் இருப்பதை மாற்ற நாடாளுமன்றத்தில் சட்டத் திருத்தம் கொண்டுவர வேண்டியதில்லை. அமைச்சகம் ஓர் அறிவிக்கை வெளியிட்டால் போதும்.

குறை என்பது எல்லாம் ஒரே மாதிரி வெளிப்படுவதில்லை. 2022 அக்டோபரில் மாருதி நிறுவனம் வேகன் ஆர், செலேரியோ, இக்னிஸ் கார்களில் 9,925ஐத் திரும்ப அழைத்தது. பின்பக்க பிரேக் அமைப்பின் ஒரு பின்னில் சந்தேகம். அந்த வருடம் ஆகஸ்ட் 3 முதல் செப்டம்பர் 1 வரை தயாரானவை அவை. இரண்டே மாதத்தில் கண்டுபிடித்துச் சொல்லிவிட்டார்கள். பாராட்ட வேண்டும். உடைந்துபோகும் பொருள் என்றால் இப்படிச் சீக்கிரமே காட்டிக்கொடுத்துவிடும். துரு அப்படி இல்லை. அது வருடக்கணக்கில் உள்ளேயே தின்னும். அதே 2022இல் மெர்சிடிஸ் பென்ஸ் நிறுவனம் உலகம் முழுவதும் ஏறக்குறைய 10 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தது. காரணம், ரப்பர் உறைக்கு அடியில் ஈரம் தங்கி பிரேக் பூஸ்டர் அரிக்கலாம் என்பது. அவை 2004க்கும் 2015க்கும் இடையே தயாரானவை, அமெரிக்காவில் இருந்தவர்களிடம் வண்டியை எடுக்கவே வேண்டாம் என்றார்கள். அந்தக் கூட்டத்தில் மிகப் பழைய வண்டிக்கு அப்போது 18 வயது. நம் ஊர் ஏழு வருடக் கணக்கில் அளந்தால் அதில் இளைய வண்டி மட்டும்தான் ஓரளவு உள்ளே வரும்.

அமெரிக்காவில் ரீகால் வந்தால் இலவசமாகச் சரிசெய்து தர வேண்டிய காலம் 15 வருடம். முன்பு 10ஆக இருந்ததை 2015இல் சட்டம் போட்டு நீட்டினார்கள். வண்டியின் 17 எழுத்து எண்ணை அரசு இணையதளத்தில் தட்டினால் செய்யப்படாத ரீகால் இருக்கிறதா என்று யாருக்கும் காட்டுகிறது. வண்டி எத்தனை கை மாறினாலும் அந்த எண் மாறாது அல்லவா? நம் சேசிஸ் நம்பரும் அதே 17 எழுத்துதான்.

நிறுவனத்தார் சொல்லக்கூடிய பதில் எனக்குத் தெரியும். பழைய வண்டியைச் சரியாகப் பராமரிக்க மாட்டார்கள், போலி உதிரிபாகம் மாட்டுவார்கள், அதற்கெல்லாம் நாங்கள் எப்படிப் பொறுப்பாவது என்பார்கள். தேய்கிற பொருளுக்கு நாங்கள் யாரும் கேட்கவில்லை. லைனிங், பேட், ஆயில் எங்கள் செலவு. போலி சாமான் மாட்டியிருந்தால் அதற்கும் நாங்களே பொறுப்பு. ஆனால் எங்கள் வண்டியில் இருந்தது ஆலையில் பொருத்திய அதே பூஸ்டர். அதில் குறை உண்டு என்று கண்டுபிடித்ததும் அவர்கள்தான், மாற்றித் தருவதாகச் சொன்னதும் அவர்கள்தான். தெரிந்த பிறகு ஏழு வருடம் முடிந்துவிட்டால் அந்தக் குறை இல்லையென்று ஆகிவிடுமா? திம்பத்தில் எங்களுக்கு எதிரே வந்த பேருந்தில் இருந்தவர்களுக்கு எங்கள் வண்டியின் வயது எப்படித் தெரியும்?

இந்தப் பகுதி பெரும்பாலும் இரண்டாம் கை, மூன்றாம் கை வண்டிகளில்தான் பிழைக்கிறது. நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு, பொள்ளாச்சி என்று எங்கே போனாலும் புதிதாக வாங்கியவர் ஒருவர், ஓட்டிப் பிழைப்பவர் இன்னொருவர். வேகமாகப் போனால் அபராதச் செய்தி இன்றைய உரிமையாளரின் கைபேசிக்கு ஓரிரு நாளில் வந்துவிடுகிறது. அரசின் வாகன் என்ற கணினிப் பதிவேட்டில் எங்கள் பெயரும் எண்ணும் இருப்பதால்தானே அது முடிகிறது? ரீகால் அறிவிப்பையும் அதே வழியில் அனுப்பலாம். வருடா வருடம் எஃப்.சி.க்கு விண்ணப்பிக்கும்போது, செய்யப்படாத ரீகால் இருந்தால் அந்த விண்ணப்பத்திலேயே காட்டலாம். ஆய்வாளர் பிரேக்கைப் பார்ப்பதற்கு முன்பே எங்கே பார்க்க வேண்டும் என்று அவருக்கும் தெரிந்திருக்கும்.

ஆகவே நான் கேட்பது, பிரேக், ஸ்டீயரிங், ஏர்பேக் போன்ற உயிர் காக்கும் பாகங்களுக்கு மட்டுமாவது ஏழு வருடக் கணக்கை எடுத்துவிட வேண்டும். சரக்கு வண்டியாக இருந்தால் எஃப்.சி. கிடைக்கும் காலம் வரை அந்தக் கடமையும் நீடிக்க வேண்டும். ஈரோடு, நீலகிரி, பொள்ளாச்சி, கோவை, நாமக்கல் நாடாளுமன்ற உறுப்பினர்கள் இதைச் சாலைப் போக்குவரத்து அமைச்சகத்திடம் கேட்க வேண்டும். திம்பமும் வால்பாறையும் கொல்லிமலையும் இவர்கள் தொகுதிகளின் பக்கம்தானே இருக்கின்றன?

அதுவரை வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். எஞ்சினை அணைத்துவிட்டு, பெடல் இறுகும் வரை பிரேக்கை நாலைந்து முறை மிதியுங்கள். காலை அப்படியே அழுத்தி வைத்துக்கொண்டு எஞ்சினைப் போடுங்கள். பெடல் கொஞ்சம் கீழே இறங்கினால் பூஸ்டர் வேலை செய்கிறது. இறங்கவில்லை என்றால் உடனே மெக்கானிக்கிடம் காட்டுங்கள். ஆர்.சி.யில் இருக்கும் சேசிஸ் நம்பரை எடுத்துக்கொண்டு நிறுவனத்தின் சர்வீஸ் சென்டருக்குப் போய், செய்யப்படாத ரீகால் ஏதும் உண்டா என்று கேளுங்கள். பதிலை வாய்ச்சொல்லாக விடாமல் எழுத்தில் வாங்குங்கள். மத்திய அரசின் பரிவாகன் தளத்தில் புகார் பதியும்போது அந்தக் காகிதத்தையும் சேர்க்கலாம். உரிமையாளர்களின் புகார் குறிப்பிட்ட அளவுக்குச் சேர்வதும் உத்தரவு பிறக்க ஒரு வழி. எங்கள் புகாரை நாங்கள் பதிந்துவிட்டோம். அதே 2014 வரிசை பிக்கப் வைத்திருப்பவர்களும் பதிய வேண்டும்.

இப்படிக்கு,
மலைக் காய்கறி விவசாயி ஒருவர்,
தாளவாடி வட்டம், ஈரோடு மாவட்டம்.