வீட்டு அம்ப்ளிபயருக்கு 25 வோல்ட் கெப்பாசிட்டர் போதாது

ஆசிரியர் அவர்கட்கு,

மட்டக்களப்பில் இளைஞர்கள் சொந்தமாகச் செய்யும் அம்ப்ளிபயர்கள் பலவற்றில் பிழை இருப்பது பவர் சப்ளையில்தான்.

18-0-18 ட்ரான்ஸ்போமர் (நடு வயருக்கு இரு பக்கமும் 18 வோல்ட் ஏசி தருவது) என்றால் 18 வோல்ட் டிசி வரும் என்று எண்ணக்கூடாது. டிசி ஏசியின் உச்சம் வரை ஏறும்: 18ஐ 1.414ஆல் பெருக்கினால் சுமார் 25.5. ஏசியை டிசியாக்கும் டயோட்களின் இழப்புப் போனாலும், சுமை இல்லாதபோது பெறுமதி 27 வோல்ட் வரை ஏறலாம். அந்த டிசியைச் சீராக்க 25 வோல்ட் கெப்பாசிட்டர் போட்டால் வீங்கி வெடிக்கலாம். பிளஸ், மைனஸ் என ஒவ்வொரு பக்கமும் 4700 மைக்ரோபரட், குறைந்தது 35 வோல்ட் கெப்பாசிட்டர் போடவேண்டும். 50 கிடைத்தால் இன்னும் நல்லது. டீடிஏ 7294 என்ற அம்ப்ளிபயர் ஐசி இந்த வோல்டேஜைத் தாங்கும். டீடிஏ 2030 ஐசிக்குப் பக்கத்துக்கு எல்லையே 18 வோல்ட்தான், உடனே போய்விடும்.

இரைச்சலுக்குப் பெரும்பாலும் காரணம் கிரவுண்ட் (பொதுவான பூச்சிய வோல்ட் வயர்) இணைப்பு. ட்ரான்ஸ்போமரின் நடு வயர் முதலில் இரு கெப்பாசிட்டர்களும் சேரும் இடத்துக்கு வரவேண்டும். போர்டுக்கும் ஸ்பீக்கருக்குமான கிரவுண்ட் அங்கிருந்து தனித்தனியாகப் போகட்டும். கெப்பாசிட்டரை மட்டும் பெரிதாக்குவது காசுக்குக் கேடு.

230 வோல்ட் பக்கத்தில் பியூஸ் கட்டாயம். முதல் தடவை 60 வாட் இழைக் குமிழைத் தொடராக இணைத்தே சுவிட்சைப் போடுங்கள் (எல்ஈடி குமிழ் உதவாது). குமிழ் மின்னி மங்கினால் சரி. பிரகாசமாகவே எரிந்தால் எங்கோ ஷோர்ட், உடனே நிறுத்துங்கள்.

இப்படிக்கு,
வானொலி திருத்துநர்கள்,
மட்டக்களப்பு