பெயர் தெரியாத பராமரிப்பாளருக்கு நன்றி

சென்ற மாதம் சிங்கப்பூரில், பல்கலைக்கழக விளையாட்டரங்கில் பூப்பந்து ஆடிக்கொண்டிருந்த என் தம்பி சுருண்டு விழுந்தான். ஆம்புலன்ஸுக்காக 995-ஐ அழைத்தவர், நெஞ்சை அழுத்தியவர், தாறுமாறாகத் துடிக்கும் இதயத்தை மின்னதிர்ச்சி கொடுத்துச் சீராக்கும் ஏஇடி (AED) கருவியைச் சுவரிலிருந்து எடுக்க ஓடியவர் எல்லோருக்கும் நேரில் நன்றி சொல்லிவிட்டோம். மிச்சம் ஒருவர்தான்: அந்தக் கருவியைத் தயாராக வைத்திருந்த நீங்கள்.

பெட்டிக்குள் ஓர் அட்டை. மாதாமாதம் தேதி, பக்கத்தில் புரியாத கையெழுத்து. மார்பில் ஒட்டும் பட்டைகளின் பசை காய்ந்துவிடும். ஏறக்குறைய 2 ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். பேட்டரிக்கும் ஆயுள் உண்டு. கருவி தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும், சரி. பச்சை விளக்கு அணைந்தால் கவனிக்க ஓர் ஆள் வேண்டுமே! கத்தரிக்கோல், சவரக்கத்தி, வியர்த்த மார்பைத் துடைக்கத் துண்டு எல்லாம் இருந்ததாம். இதயம் திடீரென நின்றபின் முதலுதவி இல்லாமல் கடக்கும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறையும் என்கிறார்கள். பட்டை காய்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அம்மா இன்னும் கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

அலுவலகத்தில் விசாரித்தேன். ஒப்பந்த ஆள், பெயர் தெரியாது என்றார்கள். ஐயாவோ அம்மாவோ, மிக்க நன்றி. தம்பி அடுத்த வாரம் வகுப்புக்குத் திரும்புகிறான்.