“ஒரு வெடியோடு ஆள் சரி” என்பது சரியா?

ஆசிரியர் அவர்களுக்கு,

மாட்டுக் கள்ளருக்குப் பயந்து வயல் வாடியில் (காவல் குடிசையில்) படுக்கிற, மட்டக்களப்பு வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரைக் கமக்காரருக்குத் துவக்கு அனுமதிப்பத்திரத்தைத் தாராளமாகக் கொடுக்கவேண்டும் என்று வாசகர் ஒருவர் எழுதிய கடிதத்தைப் படித்தேன். அவருடைய ஆத்திரம் நியாயமானது. கறவை எருமையைப் பறிகொடுத்தவருக்குத்தான் அந்த வயிற்றெரிச்சல் தெரியும். ஆனால் “ஒரு வெடி வைத்தால் ஆள் சரி”, அதாவது ஒரே வெடியில் ஆள் முடிந்துவிடுவான், என்று அவர் எழுதியிருந்ததைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. சத்திரசிகிச்சை விடுதியில் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். யுத்த காலத்திலும் பிறகும் வெடிக்காயம் நிறையக் கழுவிக் கட்டியிருக்கிறேன்.

வெடி பட்டவர்களில் பெரும்பாலானோர் சாவதில்லை. துவக்குச்சூடு அன்றாடம் நடக்கிற அமெரிக்காவில்கூட, தாக்குதலில் சுடப்பட்டவர்களில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பேர் பிழைக்கிறார்கள். நம் ஊர் எம்.ஜி.ஆர். ரசிகர்களுக்கு இதை நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. 1967 ஜனவரி 12ஆம் திகதி எம்.ஆர். ராதா அவரைக் கிட்ட நின்று சுட்டார். குண்டு காதோரமாகப் போய்க் கழுத்தில் தங்கியது. பிறகு ராதா தன்னையும் சுட்டுக்கொண்டார். இரண்டு பேருமே பிழைத்தார்கள். எம்.ஜி.ஆர். கழுத்துக் கட்டோடு ஆஸ்பத்திரியில் கிடந்தபடியே தேர்தலில் வென்று, 1987 வரை வாழ்ந்தார். குரல்தான் பழையபடி திரும்பவில்லை.

எந்தத் துவக்கு என்பதைப் பொறுத்து நிலைமை மாறும். கைத்துப்பாக்கிக் குண்டு தான் போகிற வழியில் இருப்பதைத்தான் பெரும்பாலும் சேதப்படுத்தும். ரி-56 என்கிற இராணுவத் துவக்கின் குண்டு செக்கனுக்கு 700 மீற்றர் வேகத்தில் வரும். அது கைத்துப்பாக்கியைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு. எடை ஒன்றாக இருந்தால், வேகம் இரட்டிக்கும்போது சக்தி நான்கு மடங்காகும். அதனால்தான் அந்தக் காயத்தில் வழியைச் சுற்றியுள்ள தசையும் செத்துப்போகும், எலும்பு தூளாகும். கமக்காரர் கையிலிருக்கும், சிறு உருண்டைகளான சன்னங்களைச் சிதறிச் சுடும் “12 போர்” (12 bore) துவக்கைச் சிலர் சாதாரணமாக நினைக்கிறார்கள். தூரத்திலிருந்து பட்டால் சன்னங்கள் சிதறித் தோலோடு நின்றுவிடவும் கூடும். வாடி வாசலுக்கும் படலைக்கும் இடைப்பட்ட தூரத்தில் அவ்வளவும் ஒரே கட்டியாக உள்ளே போகும். கிட்டத்தில் அதைவிட மோசமான காயம் குறைவு.

அப்படியென்றால் தற்காப்புக்கு நல்லதுதானே என்று கேட்பார்கள். உயிர் போவது வேறு, ஆள் விழுவது வேறு. 1986 ஏப்ரல் 11ஆம் திகதி மியாமி நகரில் எஃப்.பி.ஐ. அதிகாரிகளுக்கும் கொள்ளையர் இருவருக்கும் நடந்த சண்டை பொலிஸ் பயிற்சிகளில் இன்றும் பேசப்படுகிறது. மைக்கல் பிளாட் என்பவனுக்குத் தொடக்கத்திலேயே ஒரு குண்டு கையைத் துளைத்து நெஞ்சுக்குள் போய், இதயத்துக்கு ஓர் அங்குலம் முன்னால் நின்றது. நுரையீரல் சுருங்கிவிட்ட நிலையிலும் அவன் சண்டையை விடவில்லை. அதிகாரிகள் இருவர் செத்தார்கள், ஐவர் காயப்பட்டார்கள். அவன் உடம்பில் மொத்தம் பன்னிரண்டு காயம். இதயமே நின்றுபோனாலும், மூளையில் மிச்சமிருக்கும் ஒட்சிசனோடு பத்துப் பதினைந்து செக்கன் ஒருவனால் இயங்க முடியும். அந்த நேரத்துக்குள் கத்தியோடு வாடி முற்றத்தை ஓடிக் கடந்துவிடலாம். சினிமாவில்தான் வெடி பட்டவன் பின்னால் பறந்து போய் விழுகிறான். ஓடுகிறவன் முதுகில் சுட்டுவிட்டு நீதிமன்றத்தில் தற்காப்பு என்று சொல்லி நிற்பது எவ்வளவு கஷ்டம் என்பதைச் சட்டத்தரணி யாராவது எழுதட்டும்.

எனக்கு முக்கியமாகப்படுவது வேறு விசயம். “வெடி பட்டால் ஆள் முடிஞ்சான்” என்கிற நினைப்பினாலேயே, பிழைக்கவேண்டியவர்களை நாம் சாகவிடுகிறோம். கயிற்றில் தட்டுப்பட்டால் தானாக வெடிக்கும்படி பன்றிக்குக் கட்டின கட்டுத்துவக்கில் மனுசர் மாட்டுப்படுவது மட்டக்களப்பு, அம்பாறை ஆகிய நம் இரண்டு மாவட்டங்களுக்கும் புதிதில்லை. அது தாழ்வாகக் கட்டுவது, ஆகவே அநேகமாகக் காலில்தான் படும். காலில் பட்டவர் சாவது இரத்தம் போய்த்தான்.

மண்டூர்ப் பக்கத்திலிருந்து லான்ட்மாஸ்டரில் (சிறிய உழவு இயந்திரத்தில்) ஏற்றி, குருமண்வெளித் துறைக்கு வாவியைக் கடக்கும் பாதைப் படகுக்குக் காத்துநின்று கொண்டுவந்த ஒருவரை நான் மறக்கவில்லை. தொடையில் முன்பக்கம் பொட்டளவு ஓட்டை. அதில் கோப்பித்தூள் அப்பி, மேலே நைலோன் கயிற்றால் இறுக்கியிருந்தார்கள். “மிஸ், இரத்தம் நிண்டுட்டு” என்று கூட வந்த தம்பி சொன்னான். சாரத்தை வெட்டிக் காலைத் தூக்கினால், பின்பக்கம் உள்ளங்கை அகலத்துக்குப் பிளந்து கிடந்தது. இரத்தமெல்லாம் கீழே விரித்திருந்த சாக்கில் ஊறியிருந்தது. கயிறு தோலை அறுத்திருந்ததே தவிர நாடியை, அதாவது உள்ளே ஓடும் இரத்தக் குழாயை, அமத்தவில்லை. உடனே தியேட்டருக்குக் கொண்டுபோனோம். உயிர் தப்பியது, கால் தப்பவில்லை.

வளர்ந்த ஒருவரின் உடம்பில் ஐந்து லீற்றர் அளவில்தான் இரத்தம் இருக்கிறது. அதில் இரண்டு லீற்றர் போனாலே ஆபத்து. தொடையின் பெரிய நாடி அறுந்தால் சில நிமிடம்தான். ஆகவே காயத்தின் மேல் துணியை வைத்து, உடம்புப் பாரம் முழுக்கக் கையில் இறங்கும்படி அமத்துங்கள். நின்றுவிட்டதா என்று எடுத்து எடுத்துப் பார்க்காதீர்கள். மறுபக்கத்தையும், அக்குளையும், முதுகையும் தடவிப் பாருங்கள். கை காலில் அமத்தியும் நிற்காவிட்டால், காயத்துக்கு மேலே, மூட்டைத் தவிர்த்து, அகலமான துணியைச் சுற்றி ஒரு தடியைச் செருகி, இரத்தம் நிற்குமட்டும் முறுக்குங்கள். கட்டிய நேரத்தைக் குறித்துக் கொடுங்கள். டொக்டர் முதலில் கேட்பது அதைத்தான். வயிற்றிலோ நெஞ்சிலோ பட்டவருக்கு இந்தக் கட்டு உதவாது, வேகம்தான் உதவும். 1990 என்கிற அம்புலன்ஸ் இலக்கத்துக்குத் தொலைபேசி எடுங்கள், அது பிந்துமென்றால் கிடைக்கிற வண்டியில் ஏற்றுங்கள். சோடாவும் தண்ணீரும் பருக்காதீர்கள், மயக்கமருந்து கொடுக்கிறவருக்கு அது பெரிய தலையிடி. கோப்பித்தூள் கோப்பையிலேயே இருக்கட்டும்.

ஒவ்வொரு போகத்துக்கும் முன்னால் பயிர்ச்செய்கை ஆரம்பக் கூட்டம் நடக்கிறது. தண்ணீர் திறக்கும் திகதி, உரம், மாடுகளை அப்புறப்படுத்தும் திகதி எல்லாம் அங்கே பேசி முடிவாகிறது. அந்தக் கூட்டத்தில் அரை மணித்தியாலத்தை ஒரு தாதிக்கோ அம்புலன்ஸ் உத்தியோகத்தருக்கோ கொடுத்தால், இந்தக் கட்டைக் கமக்காரரின் கையிலேயே பழக்கிவிடலாம். கத்தி வெட்டுக்கும், கதிர் வெட்டும் மெசின் காயத்துக்கும் அதே கட்டுத்தான். மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் விவசாய அமைப்புகள் வரும் பெரும்போகத்துக்கு முன் கேட்டால், என்னைப்போல் ஓய்விலிருக்கிற தாதிமார் சம்பளம் கேளாமல் வருவோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தாதிய உத்தியோகத்தர் ஒருவர்,
களுவாஞ்சிக்குடி.